ஏஜென்ட் வேறு, வக்கீல் வேறு: அமெரிக்காவில் தங்கும் உரிமைக்குக் குறைந்த செலவில் சட்ட உதவி

காரைக்குடியில் ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ் என்று தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பேன். தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். வருகிற பெரும்பாலோருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும்.

ஒரு நாள் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். மஞ்சள் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார். “தம்பி, பேரனுக்கு ஏஜென்ட் எல்லாம் எழுதிப் போட்டுவிட்டாராம். எட்டு மாதமாகிறது. ஒரு கடிதம் கூட வரவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.”

போனில் ஒரு மனுவின் படங்கள் இருந்தன. பேரன் அமெரிக்காவில் படிக்கப் போனவன். படிப்பு பாதியில் நின்றுவிட்டது. அங்கே ஒரு கடைக்காரர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பணம் வாங்கிக்கொண்டு மனுவை நிரப்பியிருக்கிறார். ஆச்சி தன் சங்கிலியை அடகு வைத்து அனுப்பிய பணம் அது. மனுவின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். “மனுவைத் தயாரித்தவர் பெயர், கையெழுத்து” என்று கேட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. தபால் முகவரி என்ற இடத்தில் பேரனின் வீடு இல்லை. கடையின் முகவரி இருந்தது. கடிதம் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆச்சிக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இந்த விஷயம் கல்யாண வீட்டுப் பேச்சாகத்தான் பரவுகிறது. “நல்ல ஏஜென்டாகப் பிடி”, “வக்கீல் வைத்தால் லட்சக்கணக்கில் ஆகும்”, “இலவச வக்கீல் உருப்படியாகச் செய்ய மாட்டார்” என்கிறார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

முகப்பு, அறை, பங்கு

பலர் விசாவையும் தங்கும் உரிமையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியை முகப்பில் வரவேற்கிறோம். அவர் உள்ளே வந்துவிட்டதாலேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகிவிடாது. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று அவருக்கென்று ஒதுக்கப்பட்டால் அது வேறு உறவு. வீட்டில் பங்கே இருந்தால் அது இன்னும் வேறு.

விசா என்பது முகப்பு வரை வருவதற்கான அனுமதி. விமான நிலையத்தில் அதிகாரி உள்ளே விடும்போது, எந்த வகையில், எதுவரை இருக்கலாம் என்று ஒரு பதிவு செய்கிறார். அதற்கு ஐ-94 என்று பெயர். அந்தப் பதிவும், அதன் நிபந்தனைகளை நீங்கள் மீறாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் ‘ஸ்டேட்டஸ்’. தமிழில் சட்ட நிலை என்கிறேன். கிரீன் கார்டு என்பது நிரந்தரமாக ஓர் அறை. குடியுரிமை என்பது பங்கு.

ஆகவே விசாவின் தேதி முடியாமலிருந்தும் ஒருவர் சட்ட நிலையை இழந்திருக்கலாம். விசாவின் தேதி முடிந்தும் சட்ட நிலையோடு இருக்கலாம். இதற்கும் வக்கீல் செலவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. “ஊருக்கு ஒரு தடவை போய்விட்டுப் புது விசாவில் வந்துவிடு” என்று எளிதாக யோசனை சொல்கிறார்கள். 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகள் திரும்ப வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் பத்து ஆண்டுகள். மாணவர் விசாவில் போனவர்களுக்கு இந்த நாள் கணக்குத் தொடங்கும் விதமே வேறு. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆகும் செலவு, இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

தாலுகா அலுவலகமும் கோர்ட்டும்

பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம். அதே நிலத்தில் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகிறோம். இரண்டிலும் நிலம் ஒன்றுதான், நடைமுறை வேறு.

அமெரிக்கக் குடியேற்றத்திலும் இப்படி இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று குடியேற்றச் சேவைத் துறை. கிரீன் கார்டு, வேலை அனுமதி, குடியுரிமை போன்ற மனுக்கள் அங்கே போகின்றன. மனுப் படிவங்கள் இலவசம், எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். “படிவத்துக்கே இவ்வளவு” என்று யாராவது பணம் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்னொன்று குடியேற்ற நீதிமன்றம். ஒருவரை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று அரசே வழக்குத் தொடுக்கும் இடம் அது. அங்கே நீதிபதி இருப்பார். எதிரே அரசின் வக்கீல் நிற்பார். விசாரணை நாளில் போகாமல் இருந்தால், ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிட முடியும்.

முகவரி மாறினால் பத்து நாட்களுக்குள் சேவைத் துறைக்கும், வழக்கு இருந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மனுவில் கடையின் முகவரியைப் பார்த்து நான் பதறியது இதனால்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விசா வேறு, சட்ட நிலை வேறு. மனுப் போடும் இடம் வேறு, வழக்கு நடக்கும் இடம் வேறு. உங்கள் பிள்ளையின் காகிதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் உதவியின் அளவும் செலவும் அதைப் பொறுத்தவை.

அரசே வக்கீல் தராதா?

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சிவகங்கையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். இதைப் பார்த்துப் பழகியவர்கள், அமெரிக்கா பணக்கார நாடாயிற்றே, அங்கே அரசு வக்கீல் தராமலா இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

குற்ற வழக்கில் தருவார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் தந்த தீர்ப்பின்படி, கடுமையான குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு தன் செலவில் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். ஆனால் வெளியேற்ற வழக்கு குற்ற வழக்கு அல்ல. உரிமையியல் வழக்கு என்றே சட்டம் அதை வகைப்படுத்துகிறது. “வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அரசுக்குச் செலவில்லாமல்” என்பதுதான் குடியேற்றச் சட்டத்தின் நிலை. சில நகரங்களும் மாநிலங்களும் தாமாகவே பணம் ஒதுக்கி வக்கீல் தருகின்றன. காவலில் வைக்கப்பட்டவர்களுக்காக நியூயார்க் நகரம் 2013-இல் அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எல்லா ஊரிலும் இது கிடையாது.

அரசு தராத அந்த இடத்தில்தான் நல்ல தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன, ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருவருமே “குறைந்த செலவில் உதவுகிறோம்” என்றுதான் சொல்கிறார்கள்.

மேலாளின் கையிலிருந்த பவர்

இருவரையும் பிரித்தறிய நம் ஊர்க் கதையே போதும். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன காலத்தில், முதலாளி இங்கே இருப்பார். கடையை அங்கே ஏஜென்ட் நடத்துவார். மேலாள் என்றும் அவரைச் சொல்வோம். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாள் சும்மா போய்விடவில்லை. முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் அவர் கையில் இருந்தது. அவர் போட்ட கையெழுத்து முதலாளியைக் கட்டும். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, காட்டுவார். தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் சந்தேகமே இருக்காது. பெட்டியடிப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கடையின் பேரில் கையெழுத்துப் போட முடியாது.

ஏஜென்ட் என்ற சொல்லின் மேல் நமக்கு இன்றும் இருக்கும் மரியாதை அந்தக் காலத்துச் சொத்து. இன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர்கள் கையில் பவரும் இல்லை; அவர்கள் யாருக்கும் கணக்குக் காட்டுவதும் இல்லை.

அமெரிக்கக் குடியேற்ற விஷயத்தில், பணம் வாங்கிக்கொண்டு சட்ட யோசனை சொல்லவும் உங்கள் சார்பில் நிற்கவும் அனுமதி பெற்றவர்கள் பொதுவாக இரண்டே வகையினர். முதல் வகை, ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல். குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால், உரிமம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வழக்கை எங்கும் நடத்தலாம். டெக்சாசில் இருக்கும் பிள்ளைக்கு ஒஹையோ வக்கீல் வரலாம். செலவு குறைந்த ஊரில் வக்கீல் தேட இது ஒரு வழி.

இரண்டாம் வகையை நம்மவர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ என்று பெயர். இவர் வக்கீல் அல்லர். ஆனால் அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவர். குடியேற்றச் சட்டத்தில் பயிற்சி பெற்று, நீதித் துறையிடம் பெயர் பதிந்தவர். பகுதி அங்கீகாரம் உள்ளவர் சேவைத் துறையில் மட்டும் உங்களுக்காகப் பேசலாம். முழு அங்கீகாரம் உள்ளவர் குடியேற்ற நீதிமன்றத்திலும் நிற்கலாம். இவர்களின் முழுப் பட்டியலையும் நீதித் துறையே மாநில வாரியாக வெளியிடுகிறது. குறைந்த செலவில் நம்பகமான உதவி வேண்டும் என்றால் தேடலை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து.

இந்த இருவரில் யார் உங்கள் வழக்கை எடுத்தாலும், ஜி-28 என்ற படிவத்தில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு மனுவோடு வைக்க வேண்டும். நீதிமன்றமானால் இ-28. அதுதான் பவர் பத்திரம். அதன் பிறகு அரசு அனுப்பும் கடிதம் அவருக்கும் போகும். தவறு செய்தால் உரிமமோ அங்கீகாரமோ வழங்கிய இடத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும். “என் பெயர் எதற்கு, நீங்களே போட்டதாக இருக்கட்டும்” என்று சொல்கிறவர், அந்தப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கிறார் என்று அர்த்தம்.

ஆச்சியின் போனில் இருந்த படங்களில் ஜி-28 எங்கும் இல்லை.

நோட்டரி என்ற சொல்

இந்தியாவில் நோட்டரி என்றால் பல ஆண்டு அனுபவமுள்ள வக்கீல். பொதுவாகப் பத்து ஆண்டு தொழில் செய்தவரைத்தான் அந்தப் பொறுப்பில் அமர்த்துகிறார்கள். ஆகவே அமெரிக்காவில் ஒரு கடை வாசலில் ‘நோட்டரி’ என்ற பலகையைப் பார்த்ததும் உள்ளே வக்கீல் இருக்கிறார் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி மட்டுமே. வங்கி ஊழியராக இருப்பார். தபால் கடை நடத்துகிறவராக இருப்பார். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. தென் அமெரிக்க நாடுகளிலும் நோட்டரி என்பவர் சட்டம் படித்தவர் என்பதால், அங்கிருந்து வந்தவர்களும் இதே போல ஏமாறுகிறார்கள். இந்த மோசடிக்கென்றே எச்சரிக்கை வெளியிடும் அளவுக்கு அமெரிக்க அரசுக்கு இது பழகிய விஷயம்.

இந்தக் கடைகள் செய்யும் மிகக் கொடிய காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “வேலை அனுமதி அட்டை வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி, பிள்ளைக்கே விளக்காமல் ஐ-589 என்ற படிவத்தைப் போட்டுவிடுவார்கள். அது புகலிட மனு. ஊரில் உயிருக்கு ஆபத்து என்று யாரோ எழுதிய கதை அதில் இருக்கும். மனு நிலுவையில் இருக்கும்போது வேலை அனுமதி கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதிகாரி முன் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவன் உங்கள் பிள்ளை. முக்கியமான விவரத்தைத் தெரிந்தே பொய்யாகப் புனைந்ததாக முடிவானால், குடியேற்றச் சட்டத்தின் பலன்கள் அவனுக்கு நிரந்தரமாக மூடப்படலாம். உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவருக்கு அந்த மனு உயிர்க்கயிறு. வந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் அதற்கு உண்டு. ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே, படித்துப் பார்க்காத எதிலும் போடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இந்த இரு பகுதிகளிலும் சொன்னதன் சுருக்கம்: வக்கீல், அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி என்ற இருவரைத் தவிர, நோட்டரி, வரிக்கணக்கு எழுதுபவர், டிராவல்ஸ்காரர், ஏஜென்ட் ஆகிய யாருக்கும் சட்ட யோசனை சொல்லும் அதிகாரம் இல்லை. நீங்கள் சொல்வதை அப்படியே படிவத்தில் எழுதித் தரலாம், அவ்வளவுதான்.

செலவு எப்படிக் குறைகிறது

இலவசமாகச் செய்பவருக்கு அக்கறை இருக்காது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அது மாறும். தொண்டு நிறுவனத்தின் வக்கீலுக்குச் சம்பளம் உண்டு. அதை நன்கொடையும் நகர, மாநில நிதியும் கொடுக்கின்றன. உங்களிடம் வாங்குவது ஒரு சிறு தொகை, அல்லது வருமானத்துக்கு ஏற்ற தொகை. சட்டக் கல்லூரிகள் நடத்தும் ‘கிளினிக்’ இன்னொரு வழி: மாணவர்கள் வழக்கைத் தயாரிப்பார்கள், வக்கீலாக இருக்கும் பேராசிரியர் ஒவ்வொரு வரியையும் பார்ப்பார். எடுக்கும் வழக்குகள் குறைவு என்பதால் ஒரு வழக்குக்கு அங்கே கிடைக்கும் நேரம் அதிகம். மூன்றாவது, வசதியான வக்கீல்கள் பொதுநலத்துக்காகக் கட்டணமின்றிச் செய்வது. ‘புரோ போனோ’ என்பார்கள். குடியேற்ற நீதிமன்றங்களை நடத்தும் அமைப்பு, இப்படி உதவுவோரின் பட்டியலை நீதிமன்ற வாரியாக வைத்திருக்கிறது. அதில் இடம்பெற ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரமாவது இலவசமாக உழைக்க வேண்டும்.

முழு வழக்குக்கும் பணம் இல்லையென்றால் ஒரு பகுதிக்கு மட்டும் வக்கீல் வைக்கலாம். மனுவை அனுப்புமுன் ஒரு தடவை சரிபார்க்க, நேர்காணலுக்குத் தயார் செய்ய என்று வேலையை வரையறுத்து ஒப்பந்தம் போடும் வக்கீல்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அரசுக்குக் கட்டும் தொகை வேறு, வக்கீல் கட்டணம் வேறு என்பது அதில் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

எல்லா இலவசச் சட்ட உதவி அலுவலகமும் எல்லோரையும் ஏற்காது. மத்திய அரசு நிதி பெறும் சில நிறுவனங்கள், சட்ட நிலை இல்லாதவர்களின் வழக்கை எடுக்கத் தடை உண்டு. ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள் என்று சோர்ந்துவிடாமல், “நீங்கள் எடுக்க முடியாவிட்டால் யார் எடுப்பார்கள்?” என்று அங்கேயே கேட்க வேண்டும். அந்தத் தடைக்கும் விலக்கு உண்டு. குடும்ப வன்முறைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளானவர்களுக்கு அவர்கள் உதவலாம்.

இதைப் பெண் கொடுத்த குடும்பங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்து கொடுமை செய்தால், அவர் கையெழுத்தில்லாமலே மனைவி தானாக மனுச் செய்ய 1994-இல் வந்த சட்டம் வழி செய்கிறது. மனு போட்டிருப்பதைக் கணவருக்குத் தெரிவிக்க அதிகாரிகளுக்கு அனுமதி இல்லை. “என்னை விட்டுப் போனால் உன் விசா போய்விடும்” என்ற மிரட்டலைக் கேட்டுக்கொண்டு வாய் மூடி இருக்கும் மகள்களுக்கு இது தெரிய வேண்டும். கணவர் வேலை விசாவில் மட்டும் இருந்தால் இந்த வழி பொருந்தாது. வேறு வழி இருக்கிறதா என்று வக்கீல்தான் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து செய்யக்கூடியது

வக்கீலின் நேரம்தான் செலவு. காகிதம் ஒழுங்காக இருந்தால் நேரம் குறையும். இதில் ஊரிலிருக்கும் நாம் நிறையச் செய்யலாம்.

திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஏடும், மணமக்களைக் குலக் கோவிலில் ஒரு குடும்பமாகப் பதியும் புள்ளிப் பதிவும் நமக்குப் பெரிய சாட்சிகள். அங்கே முதலில் கேட்பது அரசுப் பதிவு. பதிவு செய்யாத பழைய திருமணமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘அழகப்பன்’, பாஸ்போர்ட்டில் ‘அழகப்பா’ என்று இருந்தால் அதையும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். ஒரே ஐயாவின் பெயர் மூன்று பேரன்களுக்கு இருக்கும் ஊர் இது. எழுத்து மாறினால் ஆளே மாறிவிட்டதாக அங்கே நினைப்பார்கள்.

தமிழ் ஆவணத்தோடு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் சேவைத் துறைக்குப் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை. இரு மொழியும் நன்றாகத் தெரிந்த எவரும் செய்யலாம். இதற்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

மனு போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் ரசீது எண்ணைக் கேளுங்கள். மூன்று ஆங்கில எழுத்தும் பத்து இலக்கமும் கொண்டது. அதை வைத்து மனுவின் நிலையைச் சேவைத் துறையின் தளத்தில் இங்கிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். எண் கொடுக்க மறுப்பவர் மனு போட்டிருக்கிறாரா என்பதே சந்தேகம்.

ஆச்சியிடம் நான் கேட்டதும் அந்த எண்ணைத்தான். பேரனுக்குப் போன் போட்டுக் கேட்டோம், அவனிடம் இல்லை. ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சங்கிலி போனால் போகட்டும் தம்பி. பிள்ளைக்கு வழி சொல்லுங்கள்” என்றார். நீதித் துறையின் பட்டியலில் அவன் மாநிலத்தை எடுத்து, அருகிலிருந்த மூன்று நிறுவனங்களின் பெயர்களை எழுதி அனுப்பினேன். இரண்டு இடங்களில் இப்போதைக்குப் புது வழக்கு எடுக்கவில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஐந்து வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள்.

அங்கிருந்த பிரதிநிதி எந்த மனுவையும் உடனே எழுதவில்லை. அவனைப் பற்றி அரசிடம் இருக்கும் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் கேட்டு வாங்கினார். கடைக்காரர் என்ன போட்டார், எதில் என்ன பொய் எழுதினார் என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்று அவனிடம் விளக்கியிருக்கிறார். முகவரி மாற்றத்தை அன்றே தெரிவிக்கச் செய்தார். ஜி-28-இன் நகலைப் பேரன் ஆச்சிக்கு அனுப்பியிருந்தான். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தபோது ஆச்சி அந்தப் படத்தைக் காட்டினார். பிரதிநிதியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் கையெழுத்தும் அதில் இருந்தன. நான் சான்றிதழைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அப்பச்சி, அதாவது தகப்பனார், பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை.